மாடியில் சோலார், கீழே பேட்டரி: ஆர்டர் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் சோலார் வைக்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த கம்பெனி பேனல் என்பதை அல்ல. கரண்ட் பில் குறைய வேண்டுமா, அல்லது கரண்ட் போகும்போது வீட்டில் விளக்கும் ஃபேனும் ஓட வேண்டுமா என்பதைத்தான். மாடியில் பேனல் இருந்தால் இரண்டும் தானாக நடந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நடக்காது. இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள், செலவும் வேறு. இது தெரியாமல் இரண்டு லட்சம் ரூபாய் போட்டுவிட்டு, முதல் மின்தடையில் நட்டநடு வெயிலில் ஃபேன் நின்றுபோனதைப் பார்த்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று வருந்தும் வீடுகள் உண்டு. ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்த வகை சோலார் அப்படித்தான் வேலை செய்யும், செய்யவும் வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். பேனலில் இருந்து வருவது டிசி மின்சாரம். அதை வீட்டுக்கு ஏற்ற ஏசி மின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர். பேட்டரி இல்லாத சாதாரண வகைக்கு ஆன்-கிரிட் என்று பெயர். அதன் இன்வெர்ட்டர் ஈபி லைனில் வரும் மின்சாரத்தின் துடிப்பைப் பார்த்து, அதோடு சேர்ந்தே ஓடும். வீட்டுக்குத் தேவையானது போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போய்விடும். இப்போது தெருவில் கரண்ட் போய்விட்டது, லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறார் என்று வையுங்கள். நம் மாடியில் இருந்து மின்சாரம் கம்பிக்குப் போய்க்கொண்டே இருந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால்தான் ஈபி லைன் செத்த உடனே இன்வெர்ட்டரும் தன்னை அணைத்துக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். எந்த ஊரிலும் இந்த விதிக்கு விலக்கு கிடையாது.

கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் வகை வேண்டும். இதில் இன்வெர்ட்டரோடு பேட்டரி இருக்கும். தெருவில் கரண்ட் போனதும் அது வீட்டைத் தெரு லைனில் இருந்து துண்டித்துவிட்டு, பேனலையும் பேட்டரியையும் வைத்து நாம் குறிப்பிட்ட சில லைன்களை மட்டும் ஓட்டும். மூன்றாவதாக ஆஃப்-கிரிட் என்று ஒன்று உண்டு. ஈபி இணைப்பே எட்டாத தோட்ட வீட்டுக்கு அது சரி, மற்றவர்களுக்குத் தேவையில்லை.

உங்கள் பில் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மார்ச், ஏப்ரலில் இதைவிடக் கூடும், ஐப்பசி கார்த்திகை மழையில் நன்றாகக் குறையும். ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 1,400 முதல் 1,500 யூனிட் வரை. அப்படியானால் 3 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 12 யூனிட், நம் ஊர் இரண்டு மாத பில் கணக்கில் சுமார் 720 யூனிட்.

கடைசி ஆறு பில்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் என்று பாருங்கள், தொகையைப் பிறகு பார்க்கலாம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதுவரை சலுகை விலையில் கிடைத்துவந்த யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். இரண்டு ஏசி ஓடும் வீட்டில் கோடைகால பில் திடீரென்று எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சோலார் குறைத்துத் தருவது இந்த மேல் படிகளில் உள்ள, விலை கூடிய யூனிட்டுகளைத்தான். 800, 900 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் பில் தரைக்கு வந்துவிடும். போட்ட பணமும் சில ஆண்டுகளில் திரும்பிவிடும்.

ஆனால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மட்டும் ஓடும் வீடு என்றால், பில்லுக்காக சோலார் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அரசு தரும் இலவசமும் சலுகையும் ஏற்கெனவே பெரும்பகுதியைச் சுமந்துவிடுகின்றன. மிச்சப்படுத்த அங்கே பெரிதாக எதுவும் இல்லை. விற்க வருபவர் இதைச் சொல்ல மாட்டார்.

மிச்ச மின்சாரத்தின் கணக்கை எழுதுவது நெட் மீட்டர். தெருவில் இருந்து எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று இரண்டையும் தனித்தனியாக அது பதிவு செய்யும். பகலில் கொடுத்ததை இரவில் வாங்கியதில் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் பில் வரும். கூடுதலாகக் கொடுத்திருந்தால் அடுத்த பில்லுக்கு நகரும். அதனால் பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பேட்டரி தேவையே இல்லை. தெரு லைனே உங்களுக்கு பேட்டரி. அதேபோல, தேவைக்கு மேல் பெரிதாக வைத்து ஈபிக்கு விற்று சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். வீட்டில் ஓடுகிற அளவுக்கு வைப்பதுதான் லாபம்.

மானியம்

வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் அதே 78,000தான். இதைக் கணக்கிட அரசு எடுத்துக்கொண்ட விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதற்கு 45,000. ஆக, 3 கிலோவாட்டுக்கு 1,45,000 ரூபாய். சந்தையில் கேட்கும் விலை பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை உயரமாகக் கேட்டால் இன்னும் ஏறும்.

நிபந்தனைகளில் முக்கியமானது, பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். இதை டிசிஆர் பேனல் என்பார்கள். டிசிஆர் அல்லாத பேனல் விலை குறைவு, ஆனால் அதை மாட்டினால் மானியம் கிடைக்காது. கொட்டேஷனில் டிசிஆர் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மானியம் பேனல் அளவை வைத்துத்தான். ஹைபிரிட் வைக்கத் தடையில்லை, ஆனால் பேட்டரிக்கென்று தனி மானியம் இல்லை. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால் பழைய விலைப்பட்டியலை நீட்டினால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குத் தனி மாடி இல்லை. ஆனால் லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு போன்ற பொது உபயோகத்துக்கு குடியிருப்போர் சங்கமே விண்ணப்பிக்கலாம். அதற்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

மாடியும் நிழலும்

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். இப்போது வருகிற பேனல்கள் ஒவ்வொன்றும் 540 வாட்டுக்கு மேல், ஏழரை அடி நீளம், 28 கிலோ எடை. 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல் போதும்.

இடம் இருக்கிறதா என்பதைவிட நிழல் விழுகிறதா என்பதே பெரிய கேள்வி. பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல இணைக்கப்படுகின்றன. ஒரு பேனலின் ஒரு மூலையில் தென்னை ஓலை நிழல் விழுந்தாலும் இழப்பு அந்த மூலையோடு நிற்காது. வேலைக்காரர்கள் வந்து பார்க்கிற அரைமணி நேரத்தில் தெரியும் நிழலை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் சூரியன் ஆண்டு முழுக்க இடம் மாறுகிறது. டிசம்பர் உச்சி வேளையில் சென்னையில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். 10 அடி உயரத் தண்ணீர் டேங்கின் நிழல் அப்போது வடக்கு நோக்கி ஏழு அடிக்கு மேல் நீளும். ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் டேங்கின் நிழல் தெற்கே விழும். எனவே டேங்க், மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் இடம் விட்டுப் பார்க்க வேண்டும். பேனலின் முகம் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருந்தால் நம் ஊருக்குப் போதும். அந்தச் சாய்வில் மழை நீரும் வழிந்து தூசியை இறக்கிவிடும்.

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்பது முழு உண்மை அல்ல. பேனலின் வாட் அளவு 25 டிகிரி வெப்பத்தில் சோதித்துப் போட்டது. மே மாதம் நம் மாடியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் உற்பத்தி குறையும். அதனால் பத்து சதவீதத்துக்கு மேல் சூட்டிலேயே போய்விடும். பேனலுக்கு அடியில் காற்று ஓட இடைவெளி இருந்தால் இந்த இழப்பு குறையும்.

இங்கேதான் ஸ்ட்ரக்சர் பற்றிய பேச்சு வருகிறது. எட்டு அடி உயரத்தில் கால் நட்டு, அடியில் துணி காயப் போடவும் வடகம் போடவும் இடம் விட்டுத் தருகிறோம் என்பார்கள். நல்ல யோசனைதான். நிழலில் மாடியும் குளிரும். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று அதைத் தூக்கும் வலுவும் கூடும். கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 வர்தாவையும் 2018 கஜாவையும் பார்த்தவர்களுக்கு இது வெறும் எண் அல்ல. கால்கள் எதில் ஊன்றுகின்றன, தளத்தில் வெறும் போல்ட்டா அல்லது தூண், பீம் மேல் அமர்கிறதா, ஓட்டை போட்ட இடத்தில் நீர்க்கசிவுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். கடற்கரையில் இருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு என்றால் முழுதும் துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜிஐ அல்லது அலுமினியம்தான். பெயின்ட் அடித்த இரும்பு உப்புக் காற்றில் நிற்காது. விலை குறைக்கச் சொன்னால் பலர் முதலில் கை வைப்பது இந்த ஸ்ட்ரக்சரில்தான். நான் பணத்தைச் சேமிக்க வேண்டாம் என்று சொல்லும் முதல் இடமும் இதுதான்.

பேட்டரி எவ்வளவு

சென்னை நகருக்குள் எப்போதாவது அரைமணி நேரம் கரண்ட் போகிற வீட்டுக்கு, ஏற்கெனவே இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற ட்யூபுலர் பேட்டரியும் போதும். ஆன்-கிரிட் சோலாரை அதோடு வைத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: சோலார் லைன் மெயின் போர்டில் சேர வேண்டும். பழைய இன்வெர்ட்டரின் அவுட்புட் பக்கம் அதைக் கொடுத்தால் இரண்டும் கெட்டுப்போகலாம். டெல்டா மாவட்டங்களில் புயலடித்தால் நாள்கணக்கில் இருட்டு என்கிற ஊர், வீட்டில் ஆக்சிஜன் கருவி தேவைப்படும் முதியவர், மருந்து கெடாமல் ஃபிரிட்ஜ் ஓடியே ஆக வேண்டிய நிலை இருந்தால் ஹைபிரிட்டுக்குப் பணம் போடுவதில் அர்த்தம் உண்டு.

அளவைக் கணக்கிடுவது எளிது. இரவு ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை என்று வையுங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் நான்கு, தலா 30 வாட், ஆக 120. எல்இடி பல்பு ஆறு, 54 வாட். வைஃபை 10. டிவி 80. ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி 50. மொத்தம் 314 வாட். ஆறு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.9 யூனிட். பழைய ஃபேன் என்றால் ஒன்றுக்கு 75 வாட். ஆகவே பெரிய பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுவது மலிவான வழி.

இப்போது பேட்டரி பக்கம் வருவோம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரியில் எழுத்தளவில் 1.8 யூனிட் இருக்கிறது. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் பாதியைத்தான் எடுக்கலாம். இரண்டு வைத்தால்தான் மேலே சொன்ன இரவை ஒருவாறு ஓட்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 51.2 வோல்ட், 100 ஏஎச் பேட்டரி 5.12 யூனிட். அதில் 80 முதல் 90 சதவீதம் வரை எடுக்கலாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை. 4,000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம், ட்யூபுலர் அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே பெரிது. ஏற்றும் வேகமும் முக்கியம். ட்யூபுலர் நிரம்பப் பத்து மணி நேரம் கேட்கும், மழைக்காலத்தில் அவ்வளவு வெயில் கிடையாது. லித்தியம் இரண்டு மூன்று மணி நேர நல்ல வெயிலில் நிரம்பிவிடும். விலை கூடுதல் என்றாலும் சோலாரோடு வைக்க நான் லித்தியத்தையே சொல்வேன்.

ஏசி? ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். 5 யூனிட் பேட்டரியை நான்கு மணி நேரத்தில் குடித்துவிடும். போர் மோட்டார் ஓடும்போது எடுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு எடுக்கும். சின்ன ஹைபிரிட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. அதனால் ஹைபிரிட் மாட்டும்போது மெயின் போர்டில் இருந்து ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் லைன்களைத் தனியாகப் பிரித்து பேக்கப் பக்கம் கொடுக்க வேண்டும். பழைய வீட்டில் இந்த ஒயரிங் வேலையே ஒரு நாள் எடுக்கும், செலவும் வரும். கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வெயில் படும் மாடியிலோ, காற்றில்லாத படிக்கட்டு அடியிலோ வைக்க வேண்டாம். சூடு இரண்டின் ஆயுளையும் தின்றுவிடும்.

ஆர்டரில் இருந்து மீட்டர் வரை

முதலில் ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் நம் ஊரில் ஏராளம். விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரில் இருந்தால்தான் மானியம் சிக்கலில்லாமல் வரும், எனவே பெயர் மாற்றத்தை முதல் வேலையாக முடியுங்கள். அப்படியே பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்றும் பாருங்கள். சோலார் அதைவிடப் பெரிது என்றால் பளுவையும் உயர்த்த வேண்டியிருக்கும்.

அப்புறம் சூர்ய கர் தேசிய இணையதளத்தில் சர்வீஸ் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று 2024ல் விதி மாறிவிட்டது. அதே தளத்தில் பதிவு செய்த நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பதிவில்லாதவரிடம் வாங்கினால் மானியம் இல்லை. மூன்று பேரிடமாவது கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டாம். பேனலின் மாடல், வாட், எண்ணிக்கை, இன்வெர்ட்டர் மாடல், ஜிஐ குழாயின் தடிமன், கேபிள் கம்பெனி, எர்த் குழி எத்தனை, நெட் மீட்டர் கட்டணம் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கட்டும். பேனல்களுக்கு 25 ஆண்டு மின் உற்பத்தி வாரண்டி என்று பெரிதாகப் போடுவார்கள். ஆனால் முதலில் பழுதாவது பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான், அதன் வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம், நெட் மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு கொடுக்க ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள்.

மாட்டும் வேலை இரண்டு மூன்று நாளில் முடியும். அந்த நாள்களில் வீட்டில் ஒருவர் இருப்பது நல்லது. எர்த் குழி மூன்று தனித்தனியாக வேண்டும்: டிசி பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. மூன்றையும் ஒரே கம்பியில் சேர்த்துவிட்டுப் போகப் பார்த்தால் நிறுத்துங்கள். டிசி ஒயர்களின் இணைப்பு கிளிப் ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று பூட்டியிருக்க வேண்டும், தளர்ந்த இணைப்பில் பொறி பறந்து தீப்பிடிக்கலாம். ஒயர்கள் தளத்தில் கிடக்காமல் குழாய்க்குள் போக வேண்டும்.

மாட்டி முடித்ததும் ஆன் பண்ணிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். நெட் மீட்டர் வரும்வரை பொறுங்கள். பழைய மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் வாங்கியதாகவே எண்ணும். வெளியே கொடுத்த யூனிட்டுக்கும் நாமே பணம் கட்ட நேரும். ஈபி ஆட்கள் வந்து பரிசோதித்து மீட்டர் மாற்றிய பிறகு, இணையதளத்தில் இயக்கச் சான்று ஏறும். அதன் பிறகு வங்கி விவரம் கொடுத்தால் மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும்.

ஓடத் தொடங்கிய பிறகு வேலை அதிகம் இல்லை. மாதம் இரண்டு முறை காலையிலோ மாலையிலோ தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். கொதிக்கும் கண்ணாடியில் உச்சி வேளையில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. உப்புத் தண்ணீர் போர் என்றால் ஊற்றிய உடனே வைப்பரால் வழித்துவிடுங்கள், காய்ந்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும். செல்போன் ஆப்பில் தினசரி யூனிட் தெரியும். வெயில் நன்றாக இருந்தும் 3 கிலோவாட் ஒரு வாரமாக 8 யூனிட்டைத் தாண்டவில்லை என்றால் முதலில் பேனலைத் துடைத்து, புதிதாக வளர்ந்த கிளை ஏதாவது மறைக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், இந்தத் திட்டத்தில் ஐந்து ஆண்டு பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. முதல் பில் வந்ததும் அதில் வாங்கியது, கொடுத்தது என்று இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே எண்தான் இருக்கிறது என்றால் நெட் மீட்டர் கணக்கு இன்னும் ஏறவில்லை என்று பொருள். அந்த பில்லோடு உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சரிசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.